அடிபடாத வண்டி

நெல்லித்தோப்பு டிங்கர் சக்கரபாணிக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. நசுங்கின காரை அவரிடம் விட்டால், எங்கே நசுங்கியது என்று விட்டவரே தேட வேண்டியதுதான்.

போன வருஷம் பூர்ணிமா என்ற பள்ளிக்கூட டீச்சர், லாரி இடித்த தன் காரைக் கொண்டுவந்தார். இடப்பக்கத்தில் இரண்டு கதவுக்கும் நடுவே நிற்கும் பில்லர் உள்ளே வளைந்திருந்தது.

"கம்பெனியில முழுசா மாத்தணுங்கறாங்க. சூடே பண்ணக் கூடாதாம்" என்றார் டீச்சர்.

"அப்படிச் சொன்னாத்தான் மேடம் அவங்க பார்ட்ஸ் விக்கும்."

சுத்தியலால் போட்டார். பில்லர் அசையவில்லை, இவர் கைதான் விண்ணென்று தெறித்தது. விடுவாரா மனுஷன்? கேஸ் வைத்துச் சிவக்கச் சிவக்கச் சூடு காட்டினார். அடடா, அப்புறம் எத்தனை சமர்த்தாக வழிக்கு வந்தது! பட்டி பூசி, பெயிண்ட் அடித்து அனுப்பிவிட்டார்.

ஆறு மாதம் கழித்து, வெல்டிங் மிஷின் விற்கிறவர்கள் சேதராப்பட்டில் ஒரு நாள் வகுப்பு நடத்தினார்கள். பிரியாணி உண்டு என்றதால் போனார். புது வண்டிகளில் அந்த பில்லர் இரும்பைக் காய்ச்சி, அச்சில் அழுத்தும்போதே சட்டென்று ஆறவைத்து இறுக்குகிறார்களாம். மறுபடி சூடு காட்டினால் அந்த உறுதி போய்விடும். பார்வைக்கு அப்படியே நிற்கும். பக்கவாட்டில் ஏதாவது மோதினால் உட்கார்ந்திருப்பவர்மேலே மடங்கும். பிரியாணி இறங்கவில்லை. அன்றோடு பில்லருக்குச் சூடு வைப்பதை நிறுத்தினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் கடைக்கு யார் வருவார்கள்?

இந்தத் தை மாதம் மருமகன் அருள்முருகன் பழைய கார் ஒன்று வாங்கிவந்து கடை வாசலில் நிறுத்தினான். இடது முன்சீட்டிலிருந்து மகள் கலைவாணி ஏழு மாத வயிற்றைப் பிடித்தபடி இறங்கினாள்.

"அடியே படாத வண்டி மாமா! மெக்கானிக்க வெச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கினேன்."

சக்கரபாணி நம்பரைப் பார்த்தார். டீச்சர் வண்டி!

"மாப்ள, இது அடிபட்டது. திருப்பிக் குடுத்துடுங்க."

"எங்க பட்டிருக்குது? காட்டுங்க."

தடவினார், தட்டினார், குனிந்து பார்த்தார். பாழாய்ப்போன கை, ஒரு கோடுகூட விட்டுவைத்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார்.

"நாந்தான் மாப்ள இந்த பில்லர செஞ்சேன்."

அருள்முருகனுக்கு முகமெல்லாம் பல். "நீங்க செஞ்சதா! மொதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப கம்பெனிய விடக் கெட்டி!"

"கெட்டி இல்லய்யா! சூடு வெச்சுக் கெடுத்துட்டேன். எம் பொண்ணு இதுல உக்காரக் கூடாது!" கத்தியே விட்டார். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போனால் போகட்டும் என்றிருந்தது அவருக்கு. "இத அறுத்தெடுத்துட்டு, புதுசு வாங்கி நானே போட்டுத் தரேன். அதுவரைக்கும் ஆட்டோவுல போங்க."

கலைவாணி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மாதிரி எத்தினி வண்டிக்கு செஞ்சீங்கப்பா?"

சக்கரபாணி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்து, மறு கையும் முடிந்தது.

"அதுல எல்லாம் யாரு வூட்டுப் பொண்ணுப்பா உக்காந்து போவுது?" என்றாள் கலைவாணி.