யாரும் தொடாத புத்தகம்

வெள்ளிக்கிழமை நூலகப் பீரியடுக்கு மணி அடித்த கொஞ்ச நேரத்தில் ரெங்கசாமி ஐயாவின் மொபட் பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழைந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்த ஷர்லி டீச்சருக்கு, அந்தச் சத்தம் கேட்டதுமே உள்ளுக்குள் குளுகுளுவென்று ஆகிவிட்டது. வாரம் முழுக்க அவள் காத்துக் கிடப்பது இதற்குத்தான். ஐயா வந்தார், துண்டால் கழுத்தைத் துடைத்தார், சும்மா பார்க்கிறவர் மாதிரி அலமாரி அலமாரியாக நகர்ந்தார். கடைசி அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய கைடுகளுக்குப் பின்னால் கையை விட்டு, தான் எழுதிய கதைப் புத்தகத்தை உருவினார். நேராகப் பின்னட்டையைத் திறந்தார். எடுத்துப் போகிற பிள்ளைகள் பேரும் தேதியும் எழுதுவதற்காக அங்கே ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் ஒரு பேரும் இல்லை.

“யாரும் எடுக்கலையோ டீச்சர்?”

“பிள்ளைங்க எல்லாம் படக்கதைதான் கேக்குதுங்க ஐயா. ஒக்காருங்க, டீ சொல்றேன்.”

அவர் முகம் சுருங்கியதை ஷர்லி ஆற அமரப் பார்த்தாள். டீ சொன்னதுகூட அதற்காகத்தான். குடித்து முடிக்கிறவரைக்கும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாமே.

கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர் அது. ஷர்லி இதே பள்ளியில் ஏழாவது படித்தபோது நூலகப் பொறுப்பு ரெங்கசாமி ஐயாவிடம் இருந்தது. அவள் அம்மா கருவாடு காயப்போட்டுப் பிழைத்தவள். விடியக்காலையில் அம்மாவோடு மீனைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் ஷர்லி பள்ளிக்கு ஓடி வருவாள். ஒரு நாள் ஆசையாக ஒரு புத்தகத்தை நோக்கிக் கை நீட்டியபோது, மொத்த வகுப்பும் பார்க்க அவர் சொன்னார்: “ஏய், கருவாட்டுக் கையோட தொடாத. ஒன் கை பட்டா அப்புறம் இதை எவன் தொடுவான்?” வகுப்பு சிரித்தது. பக்கத்தில் உட்காரும் சிநேகிதியும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு முதுகுக்குப் பின்னால் போன கைகள், காலேஜ் போகிறவரை எந்த நூலகத்திலும் முன்னால் வரவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மோந்து பார்க்கிற பழக்கம் கல்யாணத்துக்கு அப்புறமும் விடவில்லை.

ஐயாவுக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லை. ரிடையர் ஆன பிறகு கதை எழுதி அச்சுப் போட்டு, ஒரு பிரதியைக் கொண்டுவந்து, “நம்ம பிள்ளைக படிக்கட்டும் டீச்சர்” என்று கூச்சத்தோடு நீட்டினார். அவள் சிரித்த முகமாக வாங்கி, சீல் குத்தி, நம்பர் போட்டு, தாள் ஒட்டி, கீழ்த்தட்டில் கைடுகளுக்குப் பின்னால் செருகினாள். எவன் தொடுவான் என்று கேட்டவர்தானே, எவனும் தொடாமல் கிடந்தால் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும். இதில் அவளை யாரும் குறை சொல்லவும் முடியாது.

அடுத்த வாரம் திங்களும் செவ்வாயும் பயிற்சிக்காக ஷர்லி புதுக்கோட்டைக்குப் போக வேண்டி வந்தது. புதன்கிழமை அவள் வந்து பையை வைப்பதற்குள் ஏழாம் வகுப்புக் கார்முகில் அந்தப் புத்தகத்தோடு வந்து நின்றாள். மற்ற தட்டுகளில் இருந்ததையெல்லாம் படித்துத் தீர்த்துவிட்டு, கைடுகளை விலக்கித் துழாவியிருக்கிறாள்.

“இதுல ஒரு கண்டக்டர் கதை இருக்கு டீச்சர். படிச்சுட்டு அழுதுட்டேன். இதைப் போயி ஏன் பின்னாடி போட்டு வச்சிருக்கீங்க?”

“எடம் இல்ல. நீ கிளாசுக்குப் போ.”

மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு ஷர்லி அந்தக் கதையைப் படித்தாள். மகள் செத்துப்போனது தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் ஒருத்தி. விஷயம் தெரிந்த கண்டக்டர், வழி நெடுக எதையாவது பேசி அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டே வருகிறார். ஷர்லிக்கும் கண் கலங்கியது. கலங்கியதும் ஆத்திரம் இரட்டிப்பானது. பஸ்ஸில் வந்த யாரோ ஒருத்திக்கு இவ்வளவு இரக்கப்படத் தெரிந்த மனுஷனுக்கு, எதிரே நின்ற பிள்ளையிடம் காட்டக் கொஞ்சம்கூட இல்லாமல் போயிற்றா? கதை குப்பையாக இருந்திருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள். பின்னட்டைத் தாளில் கார்முகிலின் குண்டு குண்டான கையெழுத்து இருந்தது. கிழித்துவிட்டு வேறு தாள் ஒட்டலாமா என்று பசை டப்பாவைத் திறந்தாள். என்னவோ கை வரவில்லை. புத்தகத்தைப் பழைய இடத்திலேயே செருகினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வெக்கை தாங்காமல் பிள்ளைகள் புத்தகங்களோடு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். கார்முகில் மட்டும் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டி நின்றபடி ஐயா தன் புத்தகத்தை எடுத்தார். பின்னட்டையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“எடுத்திருக்காங்க டீச்சர்,” என்றார். “யாரு வீட்டுப் பிள்ளை?”

“கருவாட்டுக் கொட்டகைப் பக்கம்ங்க ஐயா. அங்கிட்டுத்தான் எங்க வீடும் இருந்துச்சு. எங்கம்மாவும் கருவாடுதான் காயப்போட்டாங்க.”

ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். ஏதாவது தட்டுப்படும் என்று பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

“அப்படியா, நல்லா இருக்கட்டும்,” என்றார் ஐயா. “அந்தப் பிள்ளையை ஒரு தடவை பாக்கணும் டீச்சர். என்ன தோணுச்சுன்னு கேக்கணும். இந்த ஒரு ஆளு போதும் எனக்கு.”

இத்தனை வருஷமாகத் தன்னைத் தின்ற வார்த்தையை, சொன்னவர் எச்சில் மாதிரித் துப்பிவிட்டுப் போயிருக்கிறார்.

“அவ இன்னைக்கு வரலைங்க ஐயா.”

“அடுத்த வாரம் வாரேன்.”

“டிசி வாங்கிட்டாங்க. ஊரை விட்டே போறாங்க. இனிமே வர மாட்டா.”

ஐயா தலையை ஆட்டினார். தாளில் இருந்த பேரைக் கட்டைவிரலால் தடவினார். “எந்த ஊருக்குன்னு ஏதும் சொன்னாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அவருக்குப் பின்னால் கார்முகில் நிமிர்ந்திருந்தாள். அவள் கண் டீச்சரை விட்டு அகலவில்லை. பிறகு, அட்டெண்டன்ஸில் தன் பேரைக் கூப்பிட்டுவிட்ட மாதிரி வலது கையை மெல்லத் தூக்கினாள். தோள் வரைக்கும் வந்த கை, மேலே போவதா வேண்டாமா என்று தெரியாமல் அங்கேயே நின்றது.