அக்காவின் கோல்ஃப் பை

“முதல்ல டிரைவரோட தலையைக் கழட்டு” என்றாள் அக்கா.

நான் குட்டி ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். கட்டில்மேல் மட்டைகள் வரிசையாகப் படுத்திருந்தன. அதில் யார் டிரைவர், யார் கண்டக்டர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“அந்தப் பெரிய மண்டை. ஆமா, அதுதான். இடது பக்கமாத் திருகு. மெதுவா! ஜாம் பாட்டிலா திறக்கற?”

மண்டை கழன்று கையோடு வந்தது. அதை ஒரு கம்பளிக் காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போடச் சொன்னாள். போட்டேன். அந்தக் காலுறையை ஷூவுக்குள் திணிக்கச் சொன்னாள். திணித்தேன். அறுவை சிகிச்சை அறையில் நர்ஸாகவே காலம் முழுக்க இருந்தவள் அக்கா. டாக்டர் கையை நீட்டுவதற்கு முன்னால் அந்தக் கையில் கத்தரியை வைத்துப் பழகியவள். இப்போது வாசற்படியில் சாய்ந்துகொண்டு, இறுக்கமான உறை மாட்டிய இடது கையை நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கோபம் முழுக்க என் தலையில்தான் இறங்கும். இறங்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒரு மாப் கட்டையை மட்டைகளுக்கு நடுவில் நிறுத்தச் சொன்னாள். எல்லாவற்றையும் விட அது ஒரு சாண் உயரமாக நிற்க வேண்டும். பையைத் தலைகீழாக எறிந்தாலும் அடி கட்டைக்குத்தான் விழும், மட்டைகளுக்கு விழாது.

“விமானத்துல மாப் கட்டையோட போற முதல் குடும்பம் நாமதான்” என்றேன்.

“உனக்கென்னடி தெரியும்? முன்னாடி ஒரு தடவை ஊசியோட கிளப் ரெண்டா முறிஞ்சு வந்துது. அங்கயே உக்காந்து அழுதா. சரி, நான் குளிச்சுட்டு வரேன். ஒவ்வொரு தலைக்கும் துண்டு சுத்து. பழைய துண்டு கொண்டாரேன்னு சொன்னியே?”

“கொண்டாந்திருக்கேன். நீ போய்க் குளி.”

ஊசி என்பது அவளோடு வேலை பார்த்த ஒல்லியான நர்ஸ். சீஃப் என்று ஒருத்தி, பிரசவ வார்டு என்று இன்னொருத்தி. நாலு பேருமாகச் சேர்ந்து நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃப் கற்றுக்கொண்டார்கள். டாக்டர்கள் மட்டும்தான் ஆடணும்னு சட்டமா என்று அக்காதான் ஆரம்பித்துவைத்தாள். வருடத்துக்கு ஒருமுறை பைகளைத் தூக்கிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார்கள். போன வருடம் மட்டும் அக்கா போகவில்லை. போன வருடம் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கூடவே அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்ததால் அந்தக் கை வீங்கும். ஆடலாம், ஆனால் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தத் தடவை நான். மட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காத நான், சுமை தூக்கியாகக் கூடப் போகிறேன்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் என் பையைத் திறந்தேன். மேலே துண்டுகள் இருந்தன. அடியில் அக்காவின் சட்டைகள்.

கீழ்த்தளத்தில் எனக்கு ஒரு ஆல்ட்டரேஷன் கடை. மாடியில் அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில், ஆடும்போது போடுகிற சட்டைகளையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி என் தையல் மெஷின் மேல் போட்டுவிட்டு, “தூக்கிப் போட்டுடு” என்று ஏறிப்போய்விட்டாள். மஞ்சள், நீலக் கட்டம், கிளிப்பச்சை. அக்கா வருவது தெருமுனையிலேயே தெரியும், அப்படி உடுத்துவாள். அதற்குப் பிறகு ஆண்கள் கடையில் சாம்பலும் கருநீலமுமாகத் தொளதொள சட்டைகளை வாங்கி மாட்டிக்கொண்டாள். கண்ணாடியை அலமாரிக்குள் திருப்பி வைத்தாள். தோழிகள் பார்க்க வருகிறோம் என்றால் தூக்கம் வருகிறது என்பாள்.

மூட்டையை நான் தூக்கிப் போடவில்லை. வாடிக்கையாளர் இல்லாத மதியங்களில் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைத்தேன். தைத்து முடித்ததும் கொடுக்கத் தைரியம் வரவில்லை. இப்போது அவற்றை மட்டைத் தலைகளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, மேலே துண்டைப் போர்த்தி, ரப்பர் வளையம் மாட்டினேன். அவள் ஈரத் தலையோடு வந்து பார்த்தபோது பை நிறைய வெள்ளைத் தலைப்பாகைகள் நின்றுகொண்டிருந்தன.

“பரவால்லியே பொடிசு. கட்டு நல்லாப் போடுற” என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

விமான நிலையத்தில் பெரிய சாமான்களுக்குத் தனி வாசல். அங்கே நின்ற பையன் பையை ஒரு பக்கமாகச் சாய்த்தபோது அக்கா தன்னை மறந்து, “தலைப்பக்கம் பார்த்து! தலைப்பக்கம்!” என்று கத்திவிட்டாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களிடம் கத்துகிற குரல். அவனும் பயந்துபோய்ப் பையை ஒரு நோயாளியைப் போலவே படுக்கவைத்தான். ரப்பர்த் திரைக்குப் பின்னால் அது மறையும்வரை அக்கா நகரவில்லை.

போய் இறங்கிய இடத்தில்தான் நான் கோட்டை விட்டேன். அக்கா கழிப்பறைக்குப் போயிருந்தாள். கதவு திறந்தது, நீளமான கறுப்புப் பை வந்தது, இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பெயர் அட்டையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஓட்டல் அறையில் ஜிப்பைத் திறந்தபோது உள்ளே துண்டும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. நீள நீளமான மட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. அடியில் ஒரு பாக்கெட் பிஸ்கட் தூளாகியிருந்தது.

அக்கா முதலில் சிரித்தாள். “எவனோ ஒரு சோம்பேறியோடது.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “ஏன்டி இப்படி வெளுத்துப் போற? பை எங்கயும் போயிடாது. அட்டையில என் நம்பர் இருக்கு, கூப்பிடுவான்.”

“அதில்லக்கா. அந்தப் பையில உன் சட்டையெல்லாம் இருக்கு.”

“என்ன சட்டை?”

“தூக்கிப் போடச் சொன்னியே, அது. துண்டுக்கு அடியில சுத்தி வச்சேன்.”

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் குரல் தாழ்ந்துவிட்டது. “தூக்கிப் போடலியா?”

“இல்ல. தச்சேன். உனக்கு ஏத்த மாதிரி.”

“யாரைக் கேட்டுத் தச்ச?”

“யாரையும் கேக்கல. உன்னைக் கேட்டா வேணாம்னுவ.”

அவள் வலது கையால் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ புல் வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கிட்ட வருவதும் தூரப் போவதுமாக இருந்தது. பிறகு மெல்லச் சொன்னாள்: “இப்ப எவனோ முன்பின் தெரியாத ஒருத்தன் அதையெல்லாம் பிரிச்சு, எந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு இருப்பான்.”

போன் அடித்தது.

அந்த ஆள் வரவேற்பறைக்குத் தானே வந்தார். தூண் மாதிரி உயரம். பைக்குச் சக்கரம் இருந்தும் இழுக்காமல் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்காவைப் பார்த்ததும் கழுத்துவரை சிவந்துவிட்டார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. என்னோடதுன்னு நினைச்சு ஒண்ணே ஒண்ணு பிரிச்சுட்டேன். சட்டைன்னு தெரிஞ்சதும் உடனே திரும்பச் சுத்திட்டேன். ஆனா இருந்த மாதிரி எனக்குச் சுத்த வரலீங்க.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்க பையில பிஸ்கட் நொறுங்கிக் கிடக்கு. எறும்பு வந்துடும், முதல்ல தட்டுங்க. அப்புறம் நடுவுல ஒரு கட்டை வைங்க. இப்படியே கொண்டுபோனீங்கன்னா ஒருநாள் எல்லாம் முறிஞ்சு போயிடும்.”

“சரிங்க சிஸ்டர்” என்றார் அவர். அவள் நர்ஸ் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும், அவர் கோணல்மாணலாகச் சுற்றி வைத்திருந்ததை மட்டும் அக்கா பிரித்தாள். நீலக் கட்டம். உள்பக்கத்தை வெளியே திருப்பி விளக்குக்குக் கீழே பிடித்தாள். இடது பக்கத் தையலைப் பிரித்து, துணியைத் தாராளமாக விட்டு, உள்ளே மிருதுவான பருத்தியில் ஒரு பை வைத்திருந்தேன். பஞ்சு வைக்கலாம், வைக்காமலும் விடலாம். அக்குளில் ஒரு முக்கோணத் துண்டு சேர்த்துக் கையை அகலமாக்கியிருந்தேன். எந்தத் தையலும் தழும்பைத் தொடாது. அக்கா ஒவ்வொரு தையலாக நகத்தால் தடவிக்கொண்டே போனாள். டாக்டர் போட்ட தையலையும் அவள் இப்படித்தான் சோதித்திருப்பாள்.

“எப்ப அளவு எடுத்த?”

“எடுக்கல. தினம் முதுகுக்கும் கைக்கும் களிம்பு தேச்சு விடுறேன்ல. கைக்குத் தெரியும்.”

அக்கா சட்டையை மறுபடி நேராகத் திருப்பினாள்.

“இதையெல்லாம் எடுத்து நான் போட்டுக்குவேன்னு நினைச்சியா?”

“அப்படியெல்லாம் நினைக்கல. மட்டை உடையாம வரணும்னு நினைச்சேன்.”

“மட்டை இல்ல, கிளப்” என்றாள் அக்கா. சட்டையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் சாம்பல் நிறத் தொளதொளவில்தான் இறங்கி வந்தாள். சீஃப்பும் ஊசியும் பிரசவ வார்டும் வாசலில் காத்திருந்தார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கட்டிக்கொள்ளப் பாய்ந்து, ஒரே நேரத்தில் தயங்கி நின்று, கடைசியில் அவளுடைய வலது தோளை மட்டும் ஆளுக்கொரு தட்டுத் தட்டினார்கள். அக்காவும் சிரித்தாள். நால்வரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்தார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் பின்னால் போனேன். தேவைப்படுகிற மட்டையை மட்டும் சுற்றியதைப் பிரித்துத் தந்தேன். மற்றவை தலைப்பாகையோடுதான் நின்றன.

புல்வெளியில் காற்று வேகமாக இருந்தது. அக்கா கையை உயர்த்தும்போதெல்லாம் சட்டை பாய் மாதிரி உப்பி, மட்டைப் பிடியில் சிக்கியது. முதல் பந்து கொஞ்ச தூரம் உருண்டு போய் நின்றது. இரண்டாவது குழிக்கு ஆடும்போது பந்தைத் தொடாமல் காற்றைத்தான் அடித்தாள். தோழிகள் சட்டென்று வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். ஊசி ஒரு பறவையைக் காட்டி அது என்ன பறவை என்று கேட்டாள். பறவைகளைப் பற்றி அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. மூன்றாவது குழிக்கு, சின்னக் குச்சியை ஊன்றி அதன்மேல் பந்தை வைத்த அக்கா நிமிரவே இல்லை. குனிந்தபடி நின்றாள். அவளுக்கு வலிக்கிறதோ என்று நான் பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“பொடிசு” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. “மஞ்சளையும் தச்சியா?”

“தச்சேன்.”

“எதுல சுத்தியிருக்க?”

நான் பைக்குப் போய், துண்டைக் கழற்றி, மஞ்சள் சட்டையை உருவிக்கொண்டு வந்தேன். சுற்றிலும் ஒரு மரமோ புதரோ இல்லை. ஓய்வறைக் கட்டடம் தீப்பெட்டி அளவில் தூரத்தில் தெரிந்தது. அக்கா சட்டையை வாங்கிக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

சீஃப் என் கையில் இருந்த துண்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். “ஸ்க்ரீன்” என்றாள். ஒரே வார்த்தை. ஊசியும் பிரசவ வார்டும் ஏற்கெனவே நகர்ந்திருந்தார்கள். மூன்று பேரும் தங்கள் பைகளிலிருந்த பெரிய குடைகளை எடுத்து விரித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நெருக்கமாக வட்டம் கட்டி நின்றார்கள். வார்டில் எத்தனையோ கட்டில்களைச் சுற்றி நின்று பழகிய முதுகுகள் அவை.

குடைகளுக்குள் வெளிச்சம் மங்கலாக இருந்தது. அக்காவின் பொத்தான்களை நான் கழற்றினேன். எங்களுக்குப் பின்னால் ஆடிவந்த ஆண்கள் கூட்டம் நெருங்கிவிட்டது. “ஏதாவது உதவி வேணுமா?” என்று ஒரு குரல் கேட்டது.

“ஒண்ணும் வேணாம். எங்களுக்குக் கொஞ்சம் நேரமாகும். நீங்க முன்னாடி போங்க” என்றாள் சீஃப், வராந்தாவில் பார்வையாளர்களை ஒதுக்குகிற குரலில். உடனே பிரசவ வார்டு, எதிரில் தெரிந்த மேகம் மழை மேகமா இல்லையா என்று சத்தமாக விசாரிக்க ஆரம்பித்தாள்.

மஞ்சள் சட்டையின் இடது கையை விரித்துப் பிடித்து, “கையைத் தூக்கு” என்றேன். அக்கா மெதுவாகத் தூக்கினாள். தோள் உயரத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு இன்னும் மேலே போனது.

“வலிக்குதா?”

“இழுக்குது” என்றாள். கையை இறக்கவில்லை.

இரண்டு குடைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கு வழியாக நான் பார்த்தேன். அந்த ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோர் முகமும் மறுபக்கம் திரும்பியிருந்தது, மழை வருமா என்று அவர்களும் பார்ப்பதைப் போல. தோள்களில் மட்டைகள் மெல்ல உரசிக்கொண்டன. ஈரப் புல்லில் அவர்களுடைய நிழல்கள் நீளமாக விழுந்து, எங்கள் குடைகளைத் தொடாமல் நகர்ந்துகொண்டிருந்தன.