இரண்டு கேன் ரோஸ் மருந்து

கணவர் டெல்பர்ட் இறந்த மறுவருஷம் வெர்னா வீட்டை மகன் கர்ட்டிஸ் பெயருக்கு எழுதிக் கொடுத்தாள். மிச்சிகன் பனியில் கூரையைச் சுத்தம் செய்ய அவளுக்குத் தெம்பில்லை, எப்படியும் அவனுக்குப் போகிற வீடுதானே என்று நினைத்தாள். கர்ட்டிஸும் அவன் மனைவி கிரெட்சனும் மாடியறைக்குக் குடிவந்தார்கள். வெர்னாவின் கட்டில் பேஸ்மென்டுக்கு இறங்கியது.

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா," என்றான் கர்ட்டிஸ். "பின்னாடி அப்பாவோட டிரெய்லர் சும்மாதானே கிடக்கு? சரி பண்ணி எடுத்துக்கோங்க. உங்க கதவு, உங்க சாவி. நாங்க எட்டிக்கூடப் பாக்க மாட்டோம்."

சொன்னவன் அன்று மாலையே மறந்துவிட்டான். வெர்னா அந்தச் சாவியை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள். மருமகள் துணி துவைக்க இறங்கும்போதெல்லாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும் வாழ்க்கை அவளுக்கு ஒரு நாளும் ஒத்துவரவில்லை.

அறுபதுகளில் செய்த டிரெய்லர் அது, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு. கர்ட்டிஸ் சிறுவனாக இருந்தபோது கோடைக்குக் கோடை ஏரிக்கரைக்கு இழுத்துப் போனது, அப்புறம் இருபது வருஷமாகப் பைன் மரத்தடியில் எலிகளுக்கு வீடாகக் கிடந்தது. மின்கம்பிகளின் மேல்தோலை எலிகள் தின்றிருந்தன. வெர்னா எல்லாவற்றையும் உருவிப் போட்டுப் புதிதாக இழுத்தாள். கேஸ் குழாயை மாற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தாள். தண்ணீர்க் குழாய்கள்தான் அவளை அதிகம் வாட்டின. டிரெய்லர் கட்டிலுக்கடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, ஒரு கையில் தீ கக்கும் கேஸ் டார்ச், மறு கையில் ஈயக்கம்பி என்று செப்புக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தாள். புறங்கையில் ஈயம் சொட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது.

ஃப்ரிட்ஜ் மட்டும் மசியவில்லை. கேஸில் ஓடும் பழைய ஃப்ரிட்ஜ், தீ எரிகிறது, குளிரவில்லை. அந்த ரகத்தை வைத்திருக்கிறவர்கள் செய்வதையே அவளும் செய்தாள். கழற்றிக் கொண்டுவந்து கராஜில் தலைகீழாக நிறுத்தினாள்.

கிரெட்சன் காபிக் கோப்பையோடு வந்து பார்த்தாள். "என்ன வெர்னா, ஃப்ரிட்ஜ் யோகா பண்ணுதா?"

"உள்ள இருக்கிற சரக்கு ஒரே இடத்துல உறைஞ்சு போச்சு. கவுத்துப் போட்டா இறங்கும்."

"நெஜமாவா?"

"மனுஷங்களுக்கும் செஞ்சு பாக்கலாம். வர்றியா?"

கிரெட்சன் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மறுநாள் நிமிர்த்திப் பொருத்தி, ஒரு நாள் விட்டுக் கதவைத் திறந்தபோது உள்தட்டில் பூத்தாற்போல் உறைபனி. வெர்னா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். டெல்பர்ட் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஜூலையில் எல்லாம் ஓடின. விளக்கு எரிந்தது, குழாயில் வெந்நீர் வந்தது. வெர்னா ஜன்னலுக்கு மஞ்சள் திரை தைத்தாள். குளிர்காலத்துக்கு வேண்டிய இரண்டு கேன் ரோஸ் மருந்தைக்கூட முன்கூட்டியே வாங்கி, பேஸ்மென்ட் அலமாரியில் வைத்தாள். இலை உதிரும்போது குழாய்களிலிருந்து தண்ணீரை வடித்துவிட்டு இதை ஊற்றிவைக்க வேண்டும். தேங்கிய தண்ணீர் பனியில் உறைந்தால் குழாய் வெடித்துவிடும், இது உறையாது. டெல்பர்ட் வருஷம் தவறாமல் செய்த வேலை. பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவன்தான் கர்ட்டிஸ், கையிலிருந்த வீடியோ கேமிலிருந்து தலையை நிமிர்த்தியிருந்தால்.

மெத்தையை டிரெய்லருக்குத் தூக்க ஒரு கை கொடு என்று அவனைக் கூப்பிடப் போனாள். அவனும் கிரெட்சனும் டிரெய்லருக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அசத்திட்டீங்க! வெள்ளிக்கிழமையே மொத ஆளுங்க வர்றாங்க, சிகாகோவுலேருந்து."

"எங்க வர்றாங்க?"

"இங்கதான். வாடகைக்கு. பழைய டிரெய்லர்னா ஜனங்க பறக்குறாங்கம்மா. செப்டம்பர் வரைக்கும் எல்லா வாரமும் புக்காயிடுச்சு."

"எனக்குன்னு சொன்னியேடா."

கர்ட்டிஸ் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். நடிப்பு இல்லை, அதுதான் அவளைக் கொன்றது. "ஓ, அதுவா! இந்தத் தகர டப்பாவுல நீங்க எப்படிம்மா இருப்பீங்க? கீழ கதகதன்னு இருக்குல்ல?"

"அந்தத் திரை ரொம்ப அழகா இருக்கு வெர்னா," என்றாள் கிரெட்சன்.

வெர்னா வீட்டுக்குத் திரும்பினாள். கோடை முழுவதும் யார் யாரோ அவள் கதவைத் திறந்தார்கள், அவள் அடுப்பில் முட்டை பொரித்தார்கள். பேஸ்மென்ட் ஜன்னல் தரை மட்டத்தில் இருந்ததால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் செருப்புகளும் டிரெய்லரின் அடிவயிறும்தான்.

அக்டோபரில் விருந்தாளிகள் வருவது நின்றது. கர்ட்டிஸ் வெளிக்குழாயை மூடி, ஹோஸைச் சுருட்டினான்.

"வேற ஏதாவது செய்யணுமாம்மா?"

மேப்பிள் மரம் பாதி மொட்டையாகியிருந்தது. வெர்னா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் வேணாம்," என்றாள்.

இரண்டு கேன்களும் அவள் கட்டிலுக்கு எதிரே அலமாரியில் இருந்தன. தினமும் கண் விழித்ததும் அவற்றில்தான் விழித்தாள். முற்றத்து வாளியில் முதன்முதலாக ஐஸ் கட்டிய காலையில் ஒரு கேனைக் கையில்கூட எடுத்தாள். அது அவள் பற்றவைத்த குழாய், அவள் தோல் வெந்த இடம். பெற்ற பிள்ளையைவிட அதன்மேல் இரக்கமாக இருந்தது. ஆனாலும் கேனைத் திரும்ப வைத்துவிட்டாள்.

ஏப்ரலில் கர்ட்டிஸ் டிரெய்லரில் ஹோஸை மாட்டித் தண்ணீரைத் திறந்தான். சுவருக்குள்ளிருந்து, கட்டிலுக்கடியிலிருந்து, ஹீட்டரின் வயிற்றிலிருந்து தண்ணீர் பீறிட்டது. மஞ்சள் திரையில் துரு வழிந்தது. வெர்னா உள்ளே போய் மண்டியிட்டுக் குழாயைத் தடவினாள். அவரைக்காய் போல நெடுக வெடித்திருந்தது. சந்தோஷம் வரும் என்று ஆறு மாதம் காத்திருந்தவளுக்கு அழுகைதான் வந்தது. அவன் கத்தட்டும் என்று முதுகைக் காட்டியபடி காத்திருந்தாள்.

கர்ட்டிஸ் கத்தவில்லை.

கிரெட்சன் பேஸ்மென்டிலிருந்து கேன்களைத் தூக்கி வந்தாள். "இங்க பாரு கர்ட்டிஸ், மூடிகூடப் பிரிக்கல. வாங்கி வெச்சுட்டு மறந்திருக்காங்க, பாவம்."

"பரவாயில்லம்மா, அழாதீங்க," கர்ட்டிஸ் குனிந்து அவள் தோளைத் தொட்டான். "வயசானா மறதி வர்றதுதான். நல்லவேளை, இதுக்குள்ள தனியா இல்ல நீங்க. கேஸ் வேற இருக்கு. நெனச்சாலே பயமா இருக்கு."

"நான் மறக்கலடா."

"சரிம்மா."

"மறக்கல. தெரிஞ்சேதான் விட்டேன். வெடிக்கட்டும்னுதான் விட்டேன்."

கர்ட்டிஸ் நிமிர்ந்து கிரெட்சனைப் பார்த்தான். அந்தப் பார்வை வெர்னாவுக்குத் தெரியும். டெல்பர்ட் கடைசி வருஷத்தில், சாப்பிட்டுக் கை கழுவின கையோடு சாப்பாடு கேட்கும்போது, அவர் தலைக்கு மேலாக அவளும் கர்ட்டிஸும் பரிமாறிக்கொண்ட அதே பார்வை.

"சரிம்மா, நீங்க சொன்னா சரிதான்," என்றான் கர்ட்டிஸ், தன் அப்பாவிடம் பேசிய அதே மெல்லிய குரலில். அவளைக் கைத்தாங்கலாக எழுப்பி விட்டான். அவளுடைய கேஸ் டார்ச்சையும் ஸ்பானர் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய், கராஜில் அவளுக்கு எட்டாத மேல்தட்டில் வைத்துப் பூட்டினான்.