வெயிலில் நிறுத்தப்பட்ட ஆட்டம்

வக்கார் அகமது மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் காயவைக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர். ஈரத்தோலை வெளியே காயப்போடுவதா, உள்ளே இழுப்பதா என்று தினமும் வானத்தைப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பயர். வாலாஜாபேட்டைப் பக்கம் பாலாற்றங்கரையில் இருந்த மைதானத்தில் அவர் கை தூக்கிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. அந்த மே மாத இறுதி ஆட்டம் வரைக்கும்.

மேல்விஷாரம் டீமும் கணியம்பாடி டீமும் மோதின. மேல்விஷாரத்துக்குக் கேப்டன் அவர் மனைவி வஹீதாவின் தம்பி சுஹேல். கடைசி ஓவர். ஒரு பவுண்டரி அடித்தால் கோப்பை. மட்டையோடு நின்றவன் சுஹேல்தான்.

வக்கார் மத்தியானத்திலிருந்தே மேற்கைக் கவனித்துக்கொண்டிருந்தார். கொதித்த தரையிலிருந்து சூடான காற்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலமாகக் கிழக்கே கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வந்து அதற்குத் தீனி போட்டது. மலைகளுக்கு மேலே பூக்கோசு மாதிரி புடைத்துக்கொண்டிருந்த மேகம் இப்போது உச்சியில் தட்டையாகிப் பக்கவாட்டில் விரிந்திருந்தது. அவ்வளவு உயரத்தில் அது பனித்துகள்தான். அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று மோதி மோதித்தான் மின்சாரம் சேர்கிறது என்று அவர் படித்திருந்தார். மைதானத்தின் மேல் மட்டும் வெயில் பளிச்சென்று அடித்தது.

பந்து வீச வந்தவன் பாதி ஓடியபோது தூரத்தில் இடி உருண்டது. வக்கார் கையை நீட்டி அவனை நிறுத்தினார். ஸ்டம்பின் மேலிருந்த பெயில்ஸை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் வண்டிக்குள்ள போங்க."

"இன்னா மச்சான் இது? வெயில் அடிக்குது, மழை எங்க இருக்குது?" என்றான் சுஹேல்.

"மழைக்காக நிறுத்தல. சத்தம் நம்ம காதுல வுழுதுன்னா மின்னல் நம்மள எட்டுற தூரத்துலதான் இருக்குது. மேகத்துக்கு வெளிய, வெயில்லகூட வந்து இறங்கும்."

"ஒரு ஓவர்தானே சார்," என்றான் கணியம்பாடி கேப்டன் பரணிதரன். "முடிச்சிட்டுப் போய்டலாம்."

வக்கார் புளியமரத்தடியில் ஒதுங்கப் போனவர்களை விரட்டி வேன்களில் ஏற்றினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரும்பைத் தொடாமல் உட்காரச் சொன்னார். உள்ளே புழுக்கம் தாளவில்லை. யாரோ அவர் காதில் விழும்படியே திட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் குளிர்ந்த காற்று மணலை வாரியடித்துக்கொண்டு வந்தது. மேகத்துக்குள் மழை இறங்கும்போது கூடவே கீழே தள்ளப்பட்ட காற்று அது. பார்க்க வந்தவர்களுக்குப் போட்டிருந்த பந்தலின் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டது. இனி கொட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கண்ணாடியில் பெரிய பெரிய துளிகளாகச் சில விழுந்தன. மேகத்தின் வயிற்றுக்குள் வெளிச்சம் துடித்தது. தரைக்கு ஒன்றும் இறங்கவில்லை. மேகம் தெற்கே நகர்ந்து போய்விட்டது. இடி ஓய்ந்தும் அரைமணி நேரம் வக்கார் யாரையும் இறங்கவிடவில்லை. அதற்குள் பந்து தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது.

கோப்பையை இரண்டு டீமுக்கும் பொதுவென்று அறிவித்தார்கள். சுஹேல் அதைத் தொடக்கூட இல்லை.

அடுத்த ஆட்டத்துக்கு வக்காரை யாரும் கூப்பிடவில்லை. ஜோசுவா என்கிற பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியரை அம்பயராகப் போட்டார்கள். சுஹேல் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டான்.

"ஒண்ணுமே நடக்கலையே," என்றாள் வஹீதா ஒருநாள். "நீங்க அந்த ஓவரை வுட்டிருக்கலாம்."

"வுட்டிருக்கலாம். அப்பவும் ஒண்ணும் நடக்காமத்தான் போயிருக்கும்னு தோணுது."

"அப்புறம் ஏன் நிறுத்துனீங்க?"

"அப்போ அது தெரியாது இல்ல?" என்றார் வக்கார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, மடக்கு நாற்காலி போட்டு அவர் எல்லைக்கோட்டருகே ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். சுஹேல் பத்தடி தள்ளி ஃபீல்டிங் நின்றான். அவர் பக்கம் திரும்பவில்லை. மேற்கே இடி கேட்டது. நடுவில் நின்ற ஜோசுவா அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் நீலவானம். ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.

வக்கார் நாற்காலியை மடக்கினார்.

"கெளம்பிட்டீங்களா?" அவனாகத்தான் கேட்டான்.

"இல்ல. கார்ல உக்காரப் போறேன்."

சுஹேல் மேற்கே பார்த்தான். மேகத்தின் உச்சி தட்டையாக விரிந்திருந்தது. அந்த ஓவர் முடியும்வரை நின்றுவிட்டு நேராக ஜோசுவாவிடம் போனான். இருவரும் ஏதோ பேசினார்கள். ஜோசுவா தலையை ஆட்டி மறுப்பது தெரிந்தது. சுஹேல் தன் ஆட்களைக் கையசைத்துக் கூப்பிட்டான். சிலர் வந்தார்கள், சிலர் இடுப்பில் கைவைத்து அங்கேயே நின்றார்கள்.

அவன் வந்து காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏசியப் போடுங்க மச்சான்," என்றான்.