கை என்றால் எது

கத்தரி நழுவித் தரையில் விழுந்தபோது நாற்காலியில் இருந்தவர் கண்ணைத் திறக்கவில்லை. தலையைக் கொடுத்த கையோடு கண்ணை மூடிக்கொள்கிற ரகம் அவர். "என்னப்பா, உன் கத்தரியும் என்னை மாதிரி கண்ணசந்துருச்சா?" என்று மட்டும் கேட்டார். முடிதிருத்துபவர் சிரித்துவைத்தார். குனிந்து எடுத்து மோதிர விரலை வளையத்துக்குள் நுழைத்தார். நுழைந்தது கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. சுண்டுவிரல் பழக்கதோஷத்தில் வளையத்தின் வால்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, யாரிடமோ இரவல் வாங்கி ஒட்டவைத்த விரல் மாதிரி.

சலூனில் எதையும் ஒளிக்க முடியாது. முன்னால் கண்ணாடி, பின்னால் கண்ணாடி. இரண்டாவது நாற்காலியில் வேலை செய்கிற மச்சினன் திரும்பாமலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

"மாமா, கத்தி வேலையெல்லாம் கொஞ்ச நாளைக்கு என் பக்கம் தள்ளிவிடுங்களேன்."

"உன் நாற்காலிய நீ பாருடா."

"கழுத்து அவங்களோடது மாமா."

கத்தரி விழுந்தால் தரையில் விழும். கத்தி விழ வேண்டியதுகூட இல்லை, தாடைக்குக் கீழே துடிக்கிற இடத்தில் கொஞ்சம் சாய்ந்தால் போதும். சில நாட்களாக அவர் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. உள்ளே நுழைகிறவர்களின் கழுத்தைத்தான் பார்க்கிறார்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. மாதக்கணக்காக மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருந்தார். மருந்துக்கடையில் போய் "கை மரத்துப்போகுது" என்றதும், என்ன தொழில் என்று கேட்டுவிட்டு, "கத்தரி பிடிக்கிறவங்களுக்கு மணிக்கட்டுலதாங்க நரம்பு அழுந்தும்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது. ராத்திரி அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குவார். காலையில் விரல்கள் இன்னும் தூரமாகப் போயிருக்கும். பட்டையை இன்னும் இறுக்குவார்.

கடைசியில் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். நரம்பு டாக்டர் ஒரு பெண். அங்கேயும் முடிதிருத்துபவர் "கை மரத்துப்போகுது டாக்டர்" என்றுதான் ஆரம்பித்தார்.

"கைன்னா எது?"

அவர் விழித்தார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. கைன்னா கைதானே?

"தோள்லேருந்து நகம் வரைக்கும் எல்லாத்தையும் நாம கைன்னுதான் சொல்றோம். எந்த விரல்? தொட்டுக் காட்டுங்க."

சுண்டுவிரலைத் தொட்டார். மோதிர விரலில் பாதியைத் தொட்டார். டாக்டர் மணிக்கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கையை மடக்கி, உள்பக்க எலும்பின் ஓரத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சுண்டுவிரல் நுனிவரை கரண்ட் பாய்ந்தது. அவர் நாற்காலியோடு துள்ளினார்.

"நரம்பு இங்க அழுந்துது. நீங்க கட்டினது அங்க. மடக்கி வச்சுத்தான் தூங்குவீங்களா?"

"என் தலகாணியையும் சேர்த்து மடக்கி வச்சுக்குவார் டாக்டர்" என்றாள் மனைவி. "கடையில ஆள் இல்லன்னா நாற்காலிக் கைப்பிடியில முழங்கைய ஊனிக்கிட்டுப் பேப்பர் வேற."

டாக்டர் ஒரு காகிதத் துண்டைக் கிழித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் நடுவே பிடிக்கச் சொன்னார். இழுத்தார். அவர் விடவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

"கட்டைவிரலப் பாருங்க."

நேராக இருக்க வேண்டிய கட்டைவிரல் நுனி மடங்கிக் காகிதத்தைக் கவ்வியிருந்தது.

"அது கள்ள ஆட்டம். பிடிக்க வேண்டிய சதைக்குத் தெம்பில்ல, வேற சதை வந்து முட்டுக் கொடுக்குது." இரண்டு விரல்களுக்கும் நடுவே லேசாக விழுந்திருந்த பள்ளத்தைத் தடவினார். "பட்டைய எடுத்துடுங்க. முழங்கைய ஊனாதீங்க. தூங்கும்போது துண்டைச் சுத்திக்கிட்டா மடங்காது. நரம்பு டெஸ்ட் எழுதித் தர்றேன். இந்தப் பள்ளம் ஆழமாச்சுன்னா, நரம்புக்கு இடம் விட்டு ஆபரேஷன் பண்றதுதான் வழி."

"பண்ணினா பழையபடி வருமா?"

"இப்ப இருக்கறதக் காப்பாத்தலாம். போனது எவ்வளவு திரும்பும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு துண்டை மடித்து அவர் முழங்கையைச் சுற்றிக் கட்டிப் பழகினாள். முடிச்சுப் போட்டவள், "இப்படியே நீட்டிக்கிட்டுப் படுத்தா நான் எங்க படுக்கிறது?" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் அந்தக் கண்மூடி ஆசாமியே சவரத்துக்கு வந்தார். நாற்காலியில் சாய்ந்து, கழுத்தைத் தூக்கிக் கொடுத்து, கண்ணை மூடினார். முடிதிருத்துபவர் நுரை தடவினார். கத்தியை எடுத்தார். பிறகு அதை மச்சினன் பக்கம் நீட்டினார். கண்ணாடி வழியாக இருவர் கண்களும் சந்தித்தன. மச்சினன் வாங்கிக்கொண்டான். நாற்காலியில் இருந்தவருக்குக் கை மாறியது தெரியாது. "என்னப்பா, இன்னிக்குப் பூ மாதிரி போகுது" என்றார்.

டெஸ்ட்டுக்கு முந்தின சாயங்காலம் மனைவி தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கேட்காமலேயே அவர் கையை நீட்டினார். காகிதத்தைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நிஜமா இழு."

"நிஜமாத்தாங்க இழுக்கிறேன்."

காகிதம் விறைத்தது. வரவில்லை.

"வரலைங்க!" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி. "பாருங்க, வரலை."

அவள் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தாள். கட்டைவிரல் நேராக நிற்கிறதா, மடங்கிவிட்டதா. அவர் கண்ணைத் திறக்கவில்லை.