வெட்டி எடுத்த நாற்பத்திரண்டு விநாடி

கடல்சூழ் கல்வி மேம்பாட்டு நிலையத்தின் பணிப்பாளர் சதீசனின் வாயிலிருந்து, 2024ஆம் ஆண்டு யூலை மாதம் ஒன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியின் குரல் வந்தது. நாற்பத்திரண்டு விநாடி பேசிவிட்டு நின்றது. அந்நேரம் அவர் யாழ்ப்பாணத்துப் பணிமனையில் சுழல்கதிரை வாங்குவதற்கான மூன்று விலைக் கேள்விப்பத்திரங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். குரல் ஓய்ந்ததும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். இருப்பதில் விலை கூடிய பத்திரத்தில் கையெழுத்து வைத்தார். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே குரல் வந்தது. பக்கத்து மேசை லிகிதர் முதல்நாள் பயந்தார், இரண்டாம் நாள் சிரித்தார், மூன்றாம் நாள் தன் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டார்.

குரலுக்குரியவள் நெடுந்தீவில், அனோஜினி ரீச்சரின் நான்காம் வகுப்பில் இருந்தாள். பெயர் நிலாந்தினி. அந்த வகுப்பில் பதினொரு பிள்ளைகள். நிலையம் கொடுத்த ஐந்து ரப் தொடுதிரைக் கணினிகளை வைத்துக்கொண்டு, தீவைப் பற்றி ஐந்து நிமிட ஒலிச்சித்திரம் ஒன்று செய்யவேண்டும் என்பது கட்டளை. எப்படிச் செய்வது என்பதை எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கென ஒதுக்கிய மூன்று நாள் பயிற்சியைப் பணிப்பாளரே கொழும்பில் கடற்கரை விடுதி ஒன்றில் தங்கி முடித்துக்கொண்டு வந்திருந்தார். ஆகவே அனோஜினி தானே தட்டித் தடவிப் படித்துப் பிள்ளைகளுக்குக் காட்டினாள். சத்தம் திரையில் மலையும் பள்ளமுமாக ஓடும். வேண்டாத பள்ளத்தை வெட்டலாம். வெட்டியதை இன்னோர் இடத்தில் ஒட்டலாம். ஒரு கிழமையில் பிள்ளைகள் அவளை விஞ்சிவிட்டார்கள். சோளகக் காற்று மைக்கில் புகுந்து இரைந்தபோது அதே வகுப்புச் சுலக்சன் தகப்பனின் மீன் அடைக்கும் ரெஜிபோம் நுரைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்டிக்குள் தலையை விட்டுக் கதைத்தால் காற்றும் இல்லை, எதிரொலியும் இல்லை. சூடைமீன் மணம் மட்டும்தான். குதிரை கனைப்பது, கல்வேலி சரிவது, பெட்டிக்கடையில் தேங்காய்க்குப் பேரம் பேசுவது எல்லாம் சேர்ந்தன. கடைசியாக நிலாந்தினி எவரும் கேளாமலே பெட்டிக்குள் தலையை விட்டாள்.

அவள் சொன்னது இதுதான். "எங்கட அம்மா இறங்குதுறையில சீமெந்து வாங்கில படுத்திருந்தவ. பெரிய படகு பக்கத்திலதான் நிண்டது. அப்பா போய்க் கேட்டவர். டீசல் நாளைக்கு வாற ஆக்களுக்கு எண்டு சொல்லிப்போட்டினம். நான் கொப்பி மட்டையால அம்மாவுக்கு விசிறினனான். படகு சும்மா ஆடிக்கொண்டு நிண்டது. அம்மா என்னைப் போய்ச் சாப்பிடச் சொன்னவ. அவ்வளவுதான்."

நடந்ததை நெடுந்தீவில் அறியாதவர் இல்லை. மே மாதம், ரப் கையளிக்கும் விழாவுக்கு முதல்நாள், நிலாந்தினியின் தாய் பிரியவதனிக்கு வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தது. உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகவேண்டும் என்றார்கள். பயணிகள் படகு காலையிலேயே போய்விட்டது. அன்றைய கடலுக்குச் சின்னப் படகுகள் தாங்கா. நிலையத்தின் பெரிய படகு மட்டும் துறையில் கட்டிக் கிடந்தது. காவலாளி தொலைபேசியில் கேட்க, சதீசன் டீசலைத் தொடவேண்டாம் என்றார். பின்னேரம் நாலரை மணிக்கு அந்தச் சீமெந்து இருக்கையிலேயே பிரியவதனி இறந்தாள். மறுநாள் அந்தப் படகு இரண்டு தரம் ஓடியது: ஒருதரம் விருந்தினருக்கு, ஒருதரம் மறந்துபோன மாலைகளுக்கும் பற்றிஸ் பலகாரப் பெட்டிகளுக்கும். பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வரவேற்புப் பாட்டுப் பாடவைத்தார்கள். அனோஜினியும் கூடப் பாடினாள். பாடியதை அவள் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் ஒலிச்சித்திரத்தை ஒரு விநாடியும் குறைக்காமல் அனுப்பினாள்.

சதீசன் அதைக் கேட்டார். பயிற்சியில் அவர் கற்று வந்தது வெட்டுவது ஒன்றைத்தான். யூலை எட்டாம் திகதி காலை பத்து பத்துக்கு அந்த நாற்பத்திரண்டு விநாடியை வெட்டி, அந்த இடத்தில் வரவேற்புப் பாட்டை வைத்தார். அதே நேரம் நெடுந்தீவில் நிலாந்தினி தோழிக்குத் தாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கணக்கு வாய்பாடு வந்தது, தேவாரம் வந்தது, சண்டைக்குரிய சொற்களெல்லாம் தாராளமாக வந்தன. அந்த நாளைப் பற்றிய சொற்கள் மட்டும் அவளிடம் இல்லை.

சதீசன் முதலில் மருந்துக் குளிசை சூப்பினார். பிறகு தொண்டை வைத்தியரிடம் போனார். பத்து மணி எட்டு நிமிடத்துக்கே வாய் நிறைய இதரை வாழைப்பழத்தை அடைத்துப் பார்த்தார். குரல் பழத்துக்குள்ளாலும் தெளிவாகத்தான் வந்தது. பதவி உயர்வுக்கான நேர்முகம் கிட்டிக்கொண்டிருந்தது. ஆவணி பிறந்ததும் கடலைக் கடந்து, படகு ஆட்டத்தில் சத்தியெடுத்து, நான்காம் வகுப்புக்கு வந்து பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்தார். அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது.

"அனோஜினி, நீர் விளக்கமான ஆள்," என்று தொடங்கினார். "ஆறு வருசமா இடமாற்றம் கேட்டு அலையிறீர். உம்மட மனுசன் கிறிஸ்ரியும் மகனும் யாழ்ப்பாண ரவுணில. இந்தா, எல்லா இடமும் சொல்லி எடுப்பிச்சிட்டன், திகதி மட்டும் போட்டாச் சரி. இந்தக் குரலை என்னட்டையிருந்து எடுத்துவிடும். எடுத்த கையோட பிள்ளையைக் கொண்டு 'படகு உடன வந்தது' எண்டு திருப்பிச் சொல்லப் பண்ணும்."

அனோஜினியின் மகனுக்கு நாலு வயது. சனி, ஞாயிறு மட்டும் தாயைக் காண்பவன். திங்கள் விடிய அவள் சீலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். அவள் கடிதத்தை வாங்கி முழுவதும் வாசித்தாள். திகதிக்கு விட்ட வெற்றிடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். அது கோபத்திலா ஆசையிலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வெட்டினதை ஒட்டும்வரைக்கும் அது வெட்டின ஆளிட்டத்தான் இருக்கும், சேர்," என்றான் சுலக்சன், வழி கேட்டவருக்குச் சந்தி காட்டுகிறவனைப் போல. "பெட்டிக்குள்ள தலையை விடுங்கோ. குரல் வரேக்க நாங்கள் பதிஞ்சு, இருந்த இடத்தில ஒட்டிவிடுறம். அது நிலாந்தினியிட்டப் போயிடும்."

"ஒட்டுங்கோ, ஆனால் வெளியில ஒருத்தருக்கும் போகக்கூடாது," என்றார் சதீசன். "ரப்புக்குள்ளயே கிடக்கட்டும்."

அப்போதுதான் அனோஜினி கடிதத்தை மடித்தாள். "டீசலுக்கு ஒருக்காப் பூட்டுப் போட்டனீங்கள், சேர். இப்ப அந்தப் பிள்ளையின்ர வாய்க்கும் போட வந்திருக்கிறீங்கள். உங்களுக்குப் பாட்டுப் படிச்ச வெக்கத்தில நான் இன்னும் ஒழுங்காச் சாப்பிடேல்லை. என்ர பிள்ளையைக் காட்டி இந்தப் பிள்ளையை விலை பேசாதேங்கோ." கடிதத்தை அவர் மடியில் போட்டாள். பிறகு நிலாந்தினியிடம் திரும்பி, "அது உன்ர சாமான், பிள்ளை. திருப்பி வேணுமோ?" என்று கேட்டாள்.

நிலாந்தினி பணிப்பாளரை மேலும் கீழும் பார்த்தாள், சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதைப் போல. "வேண்டாம், ரீச்சர். அது சேரிட்டயே இருக்கட்டும். நான் சொன்னா ஆர் கேக்கினம்? சேர் சொன்னாப் பெரியாக்கள் கேப்பினம்."

சதீசன் சத்தம் போட்டார், கெஞ்சினார், சொக்கிளேற் வாங்கித் தருவதாகவும் சொன்னார். "எங்களுக்கு ஏலாது, சேர். சொந்தக்காரி சம்மதிக்கவேணும்," என்று சுலக்சன் பெட்டியை மூடினான். கொண்டுவந்த கடிதத்தோடேயே அவர் படகேறினார். அனோஜினியின் இடமாற்றம் வரவில்லை. அந்தத் திங்களும் மகன் அழுதான்.

அதன்பிறகு குரல் கூட்டங்களுக்குப் போனது. மாவட்டக் கூட்டத்தில் அது பேச, சுருக்கெழுத்துக்காரி தலை நிமிராமல் குறித்துக்கொண்டாள். அறிக்கையில் "பணிப்பாளரின் வாய்மொழி விளக்கம்" என்று ஏறியது. நேர்முகத்தில் மூவர் கேட்டுவிட்டு, அடுத்த வினாவுக்குப் போனார்கள். ஒரு வருடத்தில் எத்தனையோ பெரிய மனிதர் கேட்டார்கள். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த ஆவணியில் அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முகூர்த்தம் பார்த்தவர் ஒன்பது முப்பதிலிருந்து பத்து முப்பதுக்குள் என்று சொல்லியிருந்தார். அனோஜினியின் அயல்வீட்டு மாக்கிறேற் அக்கா அங்கே பலகாரம் சுடப் போயிருந்தாள்; குசினி வாசலில் நின்று கண்டதை அனோஜினியிடம் அப்படியே சொன்னாள். குரல் வந்து, சொல்லி, ஓய்ந்தது. சபை தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி இருந்தது. மாப்பிள்ளையின் சின்னம்மா மட்டும் கோப்பையை வைத்துவிட்டு, "பிறகு அந்தத் தாய்க்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

சதீசன் தன் கோப்பையையும் கீழே வைத்தார். பிறகு தன் சொந்தக் குரலில் சொன்னார்: "செத்துப்போனா. டீசல் இருந்தது. நான்தான் குடுக்கவேண்டாமெண்டனான்."

அதன்பின் பலகாரத் தட்டு வந்தது. சின்னம்மா அதைத் தொடவில்லை. மற்றவர்கள் எடுத்தார்கள், பயற்றம் பணியாரம் நன்றாக இருந்ததாம்.

திங்கட்கிழமை அனோஜினி இதை நிலாந்தினிக்கு ஒன்றும் விடாமல் சொன்னாள். இப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை கடைசிவரை கேட்டுவிட்டு, "சத்தம் இரைச்சலில்லாமத் தெளிவா வந்ததாமோ, ரீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம்," என்றாள் அனோஜினி. "குசினி வரைக்கும் கேட்டதாம்."