முப்பத்தோராம் ஆண்டின் உத்தேச வரவு

கிள்ளானுக்குத் தெற்கே ஒரு சிற்றூரின் சுகாதாரக் கழகத்தில் நான் பெரிய கிராணி, கணக்கெழுதும் தலைமைக் குமாஸ்தா. எங்கள் ஊர்க் கொசு இரண்டு சேர்ந்தால் ஓர் ஆளைத் தூக்கிப்போய்ப் பத்துமலைப் படியில் உட்கார வைத்துவிடும். தலைவர் துரையின் மீசையோ கிள்ளானில் தொடங்கிப் பங்சாரில்தான் முடியும். இதில் பொய் கால்வாசிதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் ஆண்டுக் கடைசியில் ரப்பர் விலை சரிந்தது. வாடகை வராமல் வீட்டுக்காரர்கள் தவித்தார்கள். கடைத்தெருவில் ஒன்பது வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டு வரியில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்றார் கழக உறுப்பினர் கார்த்திகேசு. குறைத்தால் தாங்குமா என்பது அடுத்த வருஷ வரவைப் பொறுத்தது. வரவு ரப்பர் விலையைப் பொறுத்தது. அந்த விலையைச் சொல்ல வேண்டியவன் நான்.

எனக்கு ஒரு முறை உண்டு. மூன்று தரகர்களிடம் கடிதம் வாங்குவேன். மேல் விலையையும் கீழ் விலையையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதை எழுதுவேன். அந்த வருஷம் அது ராத்தல் இருபத்தைந்து காசு. மூன்று பேரின் கிட்டங்கியிலும் விற்காத ரப்பர் கூரையை முட்டிக்கொண்டிருந்ததை நான் யோசிக்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் கன்னையா வந்தான். சதுப்பிலும் கால்வாயிலும் கொசு எண்ணெய் தெளிக்கும் ஆறு பேருக்கு அவன் மண்டோர். அவன் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலேயே சதுப்பு. அவன் மனைவி இராஜம்மாவுக்கு அப்போது இரண்டு மாதம்.

“கிராணியாரே, எதுல வேணும்னாலும் கை வைங்க, எண்ணெயில வைக்காதீங்க. ஒரு வாரம் தவறினா கொசுப்புழு நெளியும்.”

“எண்ணெய்க்கு எழுதியாச்சுய்யா. விலை ஏறப் போவுது.”

“ஏறலன்னா?”

“நீ மண்டோரா, தரகனா?”

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

கூட்டத்தில் கார்த்திகேசு தமிழில் அழகாகப் பேசினார்; துரைக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னேன். “வரியைக் குறைச்சா வாடகை குறையும், பூட்டின வீட்டுக்கு ஆள் வரும், வருமானம் தானா வரும்.” என் கணக்கைப் பார்த்துத் துரை கையெழுத்திட்டார். எனக்கும் சொந்த வீடு உண்டு. வருஷத்துக்கு நாலு வெள்ளி மிச்சம்.

மார்ச்சில் ரப்பர் பத்துக் காசு. வரவில் பாதி ஓட்டை. வரியைத் திரும்ப ஏற்ற யாருக்கும் துணிவில்லை. தெருவிளக்கை அணைத்தால் கடைக்காரர்கள் கத்துவார்கள். எங்கள் சம்பளத்தைக் குறைத்தால் நான் கத்துவேன். சதுப்பு கத்தாது. எண்ணெய் நின்றது, ஆறு பேரும் கன்னையாவும் வேலையிழந்தார்கள்.

கன்னையா கைக்காசில் மண்ணெண்ணெய் வாங்கி லயத்துக்குப் பின்னால் ஊற்றிப் பார்த்தான். மூன்று வாரத்தில் காசு தீர்ந்தது. மே மாதம் காய்ச்சல் வந்தது. பதினோரு பேர் செத்தார்கள். இந்த எண்ணிக்கையை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. எட்டாவது இராஜம்மா, வயிற்றுப் பிள்ளையோடு.

ஜூன் கூட்டத்தில் வரியை ஏற்றலாமா என்ற பேச்சு வந்தது. கார்த்திகேசு எழுந்தார். “அவசரப்பட வேண்டாம். அடுத்த வருஷம் விலை ஏறும். ஏறினதும் முதல் செலவு எண்ணெய்தான்.”

வாசலில் கன்னையா நின்றிருந்தான்.

“அடுத்த வருஷம் யாருக்குய்யா ஊத்துறது?” என்றான்.

துரைக்கு மலாய் வரும், தமிழ் வராது. என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டார்.

“நன்றி சொல்கிறான்” என்றேன்.

துரை அவனைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார்.